ரெண்டு இஞ்ச் மடிப்பு

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம சின்னவளுக்கு யூனிஃபார்ம் அளவு எடுத்தாச்சு. பெரியவளை வரச் சொல்லு."

"ரெட்டைப் பிள்ளைன்னாலும் அவதானே அஞ்சு நிமிஷம் மூத்தவ! அதுக்குள்ள ஹைஸ்கூல்." மனைவி அளவு நோட்டில் அடுத்த பக்கம் புரட்டினாள். "எப்படித்தான் பஸ்ஸுல போவாளோ."

"தங்கச்சி கூடவே போவா, விடு."

"பாவாடைக்கு ரெண்டு இஞ்ச் மடிப்பு விடுங்க. வளர்ற பொண்ணு."

உள்ளேயிருந்து மறுபடியும் சின்னவளே வந்தாள். ரெட்டைப் பின்னலை அவிழ்த்து, சுவர்ப் படத்திலிருக்கும் அக்காவைப் போல ஒற்றைப் பின்னல் போட்டிருந்தாள்.

அப்பா நாடாவை அவள் இடுப்பில் சுற்றினார்.

"அப்பா, அக்கா செத்து மூணு வருஷமாச்சு. ஹைஸ்கூலுக்காவது நான் நானா மட்டும் போறேனே..."

"பெரியவளே, ஆடாம நில்லு" என்றார் அப்பா.