தோற்க வேண்டிய கட்டளை

இணையம் வழியாகத் தொலைவிலிருந்து இயக்கப்படும் கிளவுட் கணினிகளுக்கு வேண்டுமென்றே தப்பான கட்டளைகளைக் கொடுத்து, அவை "முடியவில்லை" என்று ஒழுங்காக ஒப்புக்கொள்கின்றனவா என்று பார்ப்பதுதான் மதிவதனியின் வேலை. எதற்கெடுத்தாலும் தலையாட்டும் இயந்திரத்தை அவள் நம்பமாட்டாள்.

சங்கரன்கோவிலில் தனியாக இருக்கும் அம்மாவை ஒரு பராமரிப்பு இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சில்லை. மாத்திரை கொடுக்கச் சொல்லிச் சென்னையிலிருந்து மதிவதனி கட்டளை அனுப்பினால், "ஏற்கப்பட்டது" என்று உடனே வரும். வேலை முடிந்ததும் "கொடுத்தாயிற்று" என்று வரும். ஒருநாள்கூட "முடியவில்லை" என்று வந்ததில்லை.

"அம்மா ஒரு தடவகூடவா மாத்திரையத் துப்பல?" என்றாள்.

"ஆபீஸ் புத்திய வீட்டுக்குக் கொண்டுவராத. எல்லாம் நல்லாத்தானே போகுது?" என்றான் கணவன் சேகரன்.

அவள் கேட்கவில்லை. "அப்பாவுக்கும் மாத்திரை கொடு" என்று அனுப்பினாள். அப்பா இறந்து மூன்று வருடமாகிறது.

"ஏற்கப்பட்டது" என்று வந்தது. கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

"இப்ப முடியலன்னு வரும் பாரு," என்றான் சேகரன். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் திரையையே பார்த்திருந்தார்கள்.

"கொடுத்தாயிற்று. அம்மாவைப் போலவே அப்பாவும் நலமாக இருக்கிறார்."