சிவக்காத வளையல்

மகள் இளவெயினி எறிந்த குக்கர் மூடி சர்மிளாவின் நெற்றியைக் கிழித்தது. கையிலிருந்த வளையல் பச்சையாகவே ஒளிர்ந்தது.

பெற்ற பிள்ளையிடம் அடிபடுகிறவர்களுக்கு அரசு மாட்டிவிடும் வளையல் அது. நெஞ்சு படபடத்தால் சிவக்கும். சிவந்தால் வண்டி வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும். அதனால் அடி விழும்போதெல்லாம் பதறாமல் நிற்கப் பழகியிருந்தாள் சர்மிளா.

எல்லோரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயமே நோயாகிப்போன இளவெயினிக்கு அந்த நிதானம்தான் வெறியேற்றியது.

"கல்லு மாதிரி நிக்கிற! நான் செத்தாலும் இப்படித்தான் நிப்பியா?"

அம்மாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். மறுபடியும் மோதினாள். வளையல் பச்சை.

சுவரில் ரத்தத்தைப் பார்த்ததும் அவள் கை தளர்ந்தது. இருபத்தெட்டு வயதுக்காரி தரையில் சரிந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"என்னை விட்டுட்டுப் போயிடாதம்மா."

மகள் தன்னைக் கட்டிக்கொண்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. சர்மிளாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இதற்கு அவள் பழகியிருக்கவில்லை.

வளையல் சிவந்தது.

அதைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, "நான் எங்கடி போகப் போறேன்?" என்று மகளின் தலையைத் தடவினாள்.

தெருமுனையில் சைரன் கேட்டது.