இரண்டு டிக்கெட்

"இது பச்சைப் பொய், பிரீத்தா. இதுக்கு நாம பணம் குடுக்கக் கூடாது."

முருகேசன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

லண்டனின் டூட்டிங் பகுதியில், யாழ்ப்பாணத்துக்காரர் பாலேந்திராவின் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம். மாதம் ஒருமுறை இருவரும் இந்த மூலை மேஜையில்தான் உட்காருவார்கள்.

இருவரும் இந்தியாவில் ஒரே ராணுவ அகாடமியில் பயிற்சி எடுத்தவர்கள். கேப்டன்களாக இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள். அவருக்கு இப்போது லண்டனில் வங்கி வேலை, அவளுக்கு ஐ.டி. இங்கே இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நிதி நடத்துகிறார்கள். அந்த அகாடமியின் வசதியில்லாத கேடட்டுகளுக்குச் சேரும்போது ஷூ, டிரங்குப் பெட்டி, கோட்டு. பயிற்சி முடியும்போது கடைசி அணிவகுப்பைப் பார்க்க அவர்களுடைய பெற்றோருக்கு டிக்கெட். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது இவர்கள் இருவரும்.

"என்ன பொய் சார்?"

"இந்த மணிபாரதிக்குப் போன வருஷம் நாமதான் ஷூ வாங்கிக் குடுத்தோம். அப்போ என்ன எழுதினான்? தாய் தந்தை இல்லை, திண்டுக்கல்ல ஒரு இல்லத்துல வளர்ந்தேன்னு. இப்போ டிக்கெட் கேட்டு அனுப்பின படிவத்தைப் பாரு."

பிரீத்தா பார்த்தாள். தந்தை பெயர், ஹேமந்த போரா. தாய் பெயர், மினோதி போரா. புறப்படும் ஊர், அசாமில் ஜோர்ஹாட்.

"திண்டுக்கல் பையனுக்கு அசாம்ல அப்பா அம்மா முளைச்சிருக்காங்க" என்றார் முருகேசன். "யாருக்கோ நம்ம செலவுல ஊர் சுத்திக் காட்டப் பாக்கறான்."

"ஒரு தடவை கேட்டுடலாமே சார்."

"கேக்கத்தான் போறேன். அப்புறம் அகாடமிக்கும் எழுதப் போறேன். படிவத்துலயே பொய் சொல்றவன் நாளைக்கு முப்பது சிப்பாயைக் கூட்டிக்கிட்டு எப்படி மலை ஏறுவான்?"

வீடியோ காலில் பையன் உடனே வந்தான். ஒட்ட வெட்டிய தலை. வெயிலில் கருத்த முகம்.

"குட் ஈவினிங் சார்."

"தம்பி, உனக்கு அப்பா அம்மா இருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்போ ஹேமந்த போராவும் மினோதி போராவும் யாரு?"



"கேடட் திகந்தா போராவோட அப்பா அம்மா சார்."

"அவங்களுக்கு டிக்கெட் வேணும்னா அந்தக் கேடட் கேக்கணும். நீ எதுக்குக் கேக்கற?"

"அவன் இல்ல சார்."

"இல்லன்னா? பயிற்சியை விட்டுட்டுப் போயிட்டானா?"

"நடுவுல லீவுக்கு ஊருக்குப் போனான் சார். மூளைக்காய்ச்சல். நாலே நாள்."

பிரீத்தா நாற்காலியை லேப்டாப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு அடுத்த கட்டில் அவனுக்கு" என்றான் பையன். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுக்குப் பேசுவாங்க. எனக்குப் பேச ஆள் இல்லன்னு அவன் போனை எங்கிட்டயும் குடுப்பான். அவங்க அம்மாவுக்கும் எனக்கும் பொதுவா இருந்தது கொஞ்சம் இந்திதான். அதுல சாப்பிட்டியான்னு கேப்பாங்க."

"அதுக்காக..." என்று இழுத்தார் முருகேசன்.

"பரேடு முடிஞ்சதும் பெத்தவங்க வந்து தோள்ல ஆபீசர் ஸ்டார் குத்தணும் இல்லையா சார்?"

முருகேசனுக்கு அது மறக்கவில்லை. அவருடைய அம்மா ஸ்டாரைக் கோணலாகக் குத்திவிட்டாள். அன்று முழுக்க அவர் அதை நேராக்கவில்லை.

"அவன் சேர்ந்த அன்னைக்கே அவங்க அம்மா அந்த நாளுக்குன்னு ஒரு சேலை நெய்ய ஆரம்பிச்சாங்க. அவன் போனப்புறமும் அது தறியிலயே இருக்குன்னு அவங்க அப்பா சொன்னார். நீங்க வந்து எனக்குக் குத்துங்கன்னு கேட்டேன் சார். ஒரு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாமக் கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க."

"இப்போ?"

"போன வாரம் அவங்களே கூப்பிட்டாங்க. சேலையை முடிச்சிட்டாங்களாம்."

"இதையெல்லாம் ஏன் தம்பி எழுதல?"

"படிவத்துல அதுக்கு இடம் இல்ல சார். தந்தை பெயர், தாய் பெயர்னு ரெண்டு கட்டம்தான். எழுதும்போது கை கூசிச்சு. தப்புன்னா நான் வாபஸ் வாங்கிக்கறேன். அவங்க கிட்ட நானே சொல்லிக்கறேன் சார்."

பிரீத்தாதான் கேட்டாள். "அவங்க வரேன்னு சொன்னாங்களா மணிபாரதி?"

"அப்படி நேரா ஒண்ணும் சொல்லல மேடம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. 'நீ திகந்தாவை விட உயரமா? உன் தோள் எனக்கு எட்டுமா?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குனிஞ்சுக்கறேன்னு சொன்னேன்."

பாலேந்திரா மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். "அண்ணை, தேத்தண்ணி ஆறிப் போச்சுது. வேறை கொண்டு வரட்டோ?"

முருகேசன் காதில் அது விழவில்லை. அவர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டி, முதுகு நிமிர்ந்திருந்தது.

"டிக்கெட் இந்த வாரமே வந்துடும், சார்" என்றார், அந்தப் பையனிடம்.