புற்றுக்குப் புது வாசல்

இரை தின்றுவிட்டு வீடு திரும்பிய நல்லபாம்பு, புற்றின் சுவரில் மடாரென்று முட்டிக்கொண்டது. காலையில்கூட அங்கேதான் வாசல் இருந்தது.

"வாசல் எங்கேய்யா?" என்று சீறியது.

"பின்பக்கம் மாத்திட்டோம். இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு," என்றது புற்றைக் கட்டிய கரையான்.

"கண்ணே இல்லாத உங்களுக்கு லட்சணம் எப்படித் தெரியும்?"

"எல்லாரும் கூடிப் பேசினோம்."

"குடியிருக்கிற என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சும்மா குடியிருக்கிறவருக்கு இவ்வளவு பேச்சா? பிடிக்கலைன்னா நீங்களே ஒண்ணு கட்டிக்குங்க. மண் பொதுதானே? இது எங்களுக்காக நாங்க கட்டினது."

வீங்கிய நெற்றியைத் தடவக் கையில்லாமல், பாம்பு பின்பக்கம் ஊர்ந்துபோய்ப் புது வாசலைப் பார்த்தது.

"எள்ளளவு இருக்கிற உங்களுக்கு, என் தலை நுழையற வாசல் எதுக்கு?"

கரையான் வாயிலிருந்த மண்ணை மென்று முழுங்கியது.