குழியில் விழுகிற தம்பி

“பந்தை அமுக்கினா வலிக்குதாம். பட்டனை அமுக்கினா மட்டும் வலிக்காதாமா?”

சமையலறையிலிருந்து மனைவி கேட்டபோது, தையல்காரர் வீடியோ கேமில் மூழ்கியிருந்தார். டிவியில் ஒரு தவளையும் ஒரு முயலும் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தன. தவளை அவர். முயல், மனைவியின் தம்பி. அந்த விளையாட்டின் ஒன்பதாவது பாகம் அது.

மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு வலது கை முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்க மறுத்தன. மடங்காவிட்டால் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது. கடை பூட்டியே கிடந்தது. அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தோ கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

தம்பி தினமும் வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து உட்கார்ந்துவிடுவான்.

“மாமா, குழியில விழுந்துட்டேன்! காப்பாத்துங்க!”

முயல் ஒரு குமிழிக்குள் அடைபட்டு மிதந்தது. தவளை குமிழியை உடைத்தால்தான் அதற்கு மறுபடி உயிர். அதற்கு, கன்ட்ரோலரின் பின்பக்கப் பட்டனை விரலை மடக்கி மடக்கி அமுக்க வேண்டும்.

“தண்டம்! தண்டச்சோறு! கண்ணைப் பிடரியிலயாடா வச்சிருக்கே?” அவர் போட்ட சத்தம் தெருமுனைக்கே கேட்டிருக்கும்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கூடப் பிறந்தவனை இப்படியா திட்டுவது? இவனுக்காவது ரோஷம் வேண்டாமா?

மறுநாள் தம்பி வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். ‘இனிமே இங்க வராதே’ என்று சொல்லத்தான் அவள் கூடத்துக்கு வந்தாள்.

தம்பி தனியாக ஆடிக்கொண்டிருந்தான். நெருப்பு, சுழலும் ரம்பம், குழிக்கு மேல் குழி. முயல் எதிலும் விழவில்லை.

“டேய், நீ விழவே இல்லையே!”

அவன் குரலைத் தாழ்த்தினான். “மாமாகிட்ட போட்டுக்கொடுத்துடாதேக்கா. நான் விழுந்தாத்தானே அவர் விரலை மடக்குவார்?”

அன்று அவன் காபியில் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடுதலாக விழுந்தது.

கடை திறந்த அன்று, சாக்பீஸ் கோட்டின் மேல் கத்தரிக்கோல் பிசகாமல் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த மனைவியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“தண்டம் தண்டம்னு திட்டினீங்களே, அவன் வேணும்னேதாங்க விழுந்தான். உங்களுக்காக.”

“தெரியுமே. முதல் பாகத்துலேர்ந்து அவனோட ஆடுறேன். அவன் எந்தக் குழியில விழுந்திருக்கான்?”

“தெரிஞ்சுமா அந்தத் திட்டு திட்டினீங்க?”

அவர் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துச் சிரித்தார்.

“ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் உயிர் போச்சுடி. எதையாவது சொல்லிக் கத்தியே ஆகணும். ‘அம்மா’ன்னு கத்தியிருந்தா நீ அழுதிருப்பே. ‘தண்டம்’னு கத்தினதால சண்டையோட விட்டே!”