தெருவுக்கு ஒரே சட்டி

“அந்த மீனையும் கொண்டாங்க! நாளைக்கு வெச்சா பூனைகூட மோந்து பாக்காது!”

தெரு நடுவில் மூன்று கல்லை வைத்து, அதன்மேல் பெரிய இரும்புச் சட்டியை ஏற்றிவிட்டு, பிளாசிதா கூவினாள். புயல் முறித்துப் போட்ட மரக்கிளைகள் அடுப்பில் புகைந்து எரிந்தன.

கடைக்கார மெர்லித்தா மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. கடையில் இருந்த பெரிய ஃப்ரீசரின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பன்றிக்கறியும், திருவிழாவுக்காக அவளே பூண்டு தட்டிப் போட்டுக் கையால் அடைத்த லொங்கனிசா சாசேஜ் சரங்களும் இருந்தன.

புயலோடு போன கரண்ட் இந்தத் தெருவுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. தீவில் மற்ற தெருக்களிலெல்லாம் நேற்றும் இன்றுமாக விளக்கு எரிந்துவிட்டது.

“இன்னிக்கு வந்துடும்க்கா. வந்தா மறுபடி உறைஞ்சிடும்” என்றாள் மெர்லித்தா.

“தொறந்து பாத்துட்டுப் பேசு.”

திறந்தாள். ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. இன்னும் சில்லென்றுதான் இருந்தது, வாடையில்லை. ஆனால் இரவு தாங்காது.

“எங்க வீட்டு ஃப்ரிட்ஜை விடிஞ்சதும் காலி பண்ணிட்டேன். அலமாரியில இருந்த அரிசி, சேம்பிலை, வினிகர், எல்லாம் இந்தா இங்க இருக்கு. குப்பைக்குப் போகப்போறது நாலு பேர் வயித்துக்குப் போகட்டுமே” என்றாள் பிளாசிதா.

மெர்லித்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிளாசிதா அந்தத் தெருவுக்குக் குடிவந்தே மூன்று மாதம்தான் இருக்கும். பச்சை வீட்டில் தனியாள். கடைக்கு வந்தால் உப்பு, சோப்பு என்று கேட்பதோடு சரி. அவளா இன்று தெருவையே அதட்டி வேலை வாங்குகிறாள்?

பெருமூச்சு விட்டு, சரங்களை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அதன்பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து கோழிக்கால் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து பாதி மீன் டின்னும், மறந்துபோன பயறும். மீனை இஞ்சி போட்டு வினிகர் ஊற்றித் தனிப் பானையில் வைத்தார்கள். தெருவெங்கும் தேங்காய் விழுந்து கிடந்ததால் பாலுக்குப் பஞ்சமில்லை.

மெர்லித்தாவின் கணவன் டெல்ஃபின் தேங்காய் துருவிக்கொண்டே பொருமினான். “நேத்து கரண்ட் லாரி நம்ம தெரு முனை வரைக்கும் வந்துச்சு. நான் கையாட்டுறேன், கண்டுக்காம மீன் துறைப் பக்கம் திரும்பிடுச்சு.”

“லெகாஸ்பி டவுன்லேர்ந்து வந்த எஞ்சினியராம். துறைப் பக்கம் மாமியார் வீடு இருக்கும்!” என்றான் எதிர்வீட்டுக்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

“அதானே! சொந்தக்காரங்க இருக்கிற தெருவுக்குத்தான் வெளிச்சம். நமக்கு யார் இருக்கா?”

“வாயால துருவினது போதும், கையால துருவுங்க” என்றாள் பிளாசிதா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாசேஜ் தன் கொழுப்பிலேயே பொரிந்தது. அதன்மேல் பன்றிக்கறியும், காயவைத்த சேம்பிலையும், கை நிறையப் பச்சைமிளகாயும் விழுந்தன. தேங்காய்ப்பால் கொதித்து எண்ணெய் பிரிந்ததும் மணம் தெருவைத் தாண்டிப் போனது. விளக்கு எரிகிற தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“சாசேஜ் யார் கைப்பக்குவம்?” என்று கேட்டார் ஒருவர்.

“என்னோடது!” மெர்லித்தாவின் குரல் தானாகவே உயர்ந்தது. “வெளிச்சம் உங்ககிட்ட இருக்கலாம். சாப்பாடு எங்ககிட்டதான். வெக்கப்படாம உக்காருங்க!”

ஃப்ரீசர் காலியான கவலை அவளுக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. வாழையிலையை நீளமாக விரித்து, ஊருக்கே விருந்து வைக்கிறவள் மாதிரி நிமிர்ந்து நடந்து பரிமாறினாள்.

இருட்டும் நேரத்தில் லாரி வந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் விறுவிறுவென்று கம்பத்தில் ஏறினார். கொஞ்ச நேரம்தான். கடையின் ஃப்ரீசர் உறுமியது, தெரு முழுக்க வெளிச்சம் பரவியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

“இவங்களுக்கு ஒரு பருக்கை போடக்கூடாது” என்றான் டெல்ஃபின்.

மெர்லித்தா கரண்டியோடு கம்பத்தடிக்கே போய்விட்டாள். “யாருங்க எஞ்சினியர்?”

கீழே இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். இளம்பெண். முகமெல்லாம் கரி, விரலெல்லாம் கீறல், தூங்காத கண்.

“நான்தான்க்கா.”

மெர்லித்தா கரண்டியைத் தாழ்த்தினாள். ஆனாலும் கேட்டாள். “எங்க தெருவுல உங்களுக்குச் சொந்தம் யாரும் இல்லைன்னுதானே எங்களைக் கடைசியில தள்ளினீங்க?”

“இல்லக்கா. எங்கம்மா இங்கதான் இருக்காங்க. ‘ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஊரெல்லாம் முடிச்சுட்டு நம்ம தெருவைக் கடைசியாப் பாரு, இங்க இருக்கறவங்க வயித்தை நான் பாத்துக்கறேன்’னு அவங்கதான் சொன்னாங்க.”

மெர்லித்தா திரும்பினாள். இலை நிறையச் சோற்றை ஏந்திக்கொண்டு, தெரு வெளிச்சத்தில் தலை நிமிர்ந்து வந்துகொண்டிருந்தாள் பிளாசிதா.