இலுப்பை மரத்து முள்வேலி

உதிர்ந்து புளித்த இலுப்பைப்பூவைத் தின்றால் போதை தலைக்கேறுகிறது என்று காட்டு ராஜாங்கம் மரத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, முள்ளம்பன்றியைக் காவலுக்கு வைத்தது.

முதுகில் குட்டியோடு வந்த கரடியம்மாவுக்கு எரிச்சல். "என் வயிறு, என் இஷ்டம். உனக்கெங்கே தம்பி வலிக்குது?" என்று வேலியைப் பிய்த்துப் போட்டு மூக்குமுட்டத் தின்றாள்.

திரும்பும் வழியில் கால் பின்னியது. குட்டி முதுகிலிருந்து நழுவிப் பள்ளத்தை நோக்கி உருண்டது. பாய்ந்து கவ்வினாள். குட்டி பிழைத்தது.

மறுநாள், தான் பிய்த்த இடத்தைத் தானே அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, உத்தரவுக்குப் பயந்துட்டியா?" என்று முள்ளம்பன்றி சிரித்தது.

"உத்தரவு கிடக்கட்டும். இன்னும் நாலு முள்ளு கொண்டா தம்பி. என்னைப் பத்தி எனக்குத்தானே தெரியும்!"